மர ஏலமும் நம் ஜீப் தடங்களும்: டில்லமுக் காட்டில் வழி மூடப்படுவது குறித்து

தடந்தேடி (ஹில்ஸ்பரோ, ஆரிகன்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை விடியற்காலையில் என் மகனை அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலை 6 வழியாக டில்லமுக் மாநிலக் காட்டுக்குச் சென்றிருந்தேன். பிரவுன்ஸ் கேம்ப் பக்கத்தில் நாங்கள் ஆறு ஆண்டுகளாக ஜீப் ஓட்டிவரும் ஒரு தடத்தின் முகப்பில் குறுக்கே நாடா கட்டி, மரம் வெட்டும் பணி நடப்பதால் தடம் மூடப்பட்டிருக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். எப்போது திறக்கும் என்பதற்கு அதில் தேதி இல்லை.

நாடாவுக்கு இப்பால் நின்றே பார்த்தோம். எப்போதும் இருட்டிக் கிடக்கும் அந்தச் சரிவில் வெயில் தரைவரை இறங்கியிருந்தது. சாலை வளைவில், மற்றக் கட்டைகளோடு சேராமல் தனியே கிடந்த ஓர் அடித்துண்டில், தடத்தின் எண் எழுதிய சிறு பலகை ஆணியோடு அப்படியே இருந்தது. ஆணியைச் சுற்றிப் பிசின் வடிந்து மஞ்சளாக உறைந்திருந்தது. எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் ஏற்ற வேண்டும் என்று வண்டிக்கு முன்னால் நின்று கைகாட்ட என் மகன் கற்றுக்கொண்டது அந்த மரத்தடியில்தான். திரும்பி வரும்போது அவன் அதிகம் பேசவில்லை.

மரம் வெட்டுவதையே எதிர்ப்பவன் அல்லன் நான். என் வீடும் பலகையால் கட்டியதுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தடம் இப்படி மூடப்பட்டு, திறக்கும்போது பழைய தடமாக இல்லாமல் போவதைப் பார்க்கிறேன். மர வெட்டு நம் தடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறதா, அல்லது நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறேனா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூடலூரான் (ஃபாரஸ்ட் குரோவ், ஆரிகன்)

நண்பர் தடந்தேடி அவர்களுக்கு, உங்கள் மகனின் மனம் எனக்குப் புரிகிறது. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மலைத்தொடரில் மர லாரிகளுக்குச் சாலை போடும் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். பிறந்தது கூடலூரில். எங்கள் பக்கத்தில் வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுத் துண்டைக் கூப்பு என்பார்கள். அங்கிருந்து கட்டை இறக்க வெட்டிய மண் பாதை கூப்பு ரோடு. நீங்கள் ஓட்டி மகிழும் தடங்களில் பெரும்பகுதி இந்த நாட்டின் பழைய கூப்பு ரோடுகளும், அவற்றுக்கும் முன்னால் கட்டை ஏற்றிவந்த ரயில் படுகைகளும்தான். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

இந்தக் காட்டின் கதையே மர வெட்டில் தொடங்குகிறது. 1933 ஆகஸ்ட் 14 அன்று, கேல்ஸ் கிரீக் பள்ளத்தாக்கில் ஒரு வெட்டுத்தளத்தில், இழுத்துவந்த கட்டை காய்ந்து கிடந்த இன்னொரு மரத்தில் உரசிப் பற்றிய தீதான் டில்லமுக் பெருந்தீயாயிற்று. பிறகு 1939, 1945, 1951 என்று ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் எரிந்து, மொத்தம் 3,55,000 ஏக்கர் கரிக்காடாயிற்று. எரிந்து நின்ற பட்டமரங்கள் அடுத்த தீக்கு விறகாகக் கூடாது என்று மலைமுகடுகளில் அகலமான பட்டைகளாக அவற்றை வெட்டிச் சாய்த்துத் தீத்தடுப்பு வழிகளை உண்டாக்கினார்கள். ஃபயர்பிரேக் 5 என்று நாம் நடுங்கிக்கொண்டே ஏறும் தடத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1948இல் ஆரிகன் மக்கள் வாக்களித்து, மறுநடவுக்காகக் கடன் பத்திரம் வெளியிட அனுமதி தந்தார்கள். 1949 முதல் 1973 வரை 7 கோடியே 20 லட்சம் நாற்றுகள் கையால் நடப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளும் பேருந்தில் வந்து நட்டார்கள். 1973இல் ஆளுநர் டாம் மெக்கால் இதை மாநிலக் காடாக அர்ப்பணித்தார். ஆகவே நீங்கள் பார்த்த அந்த மரம் அநேகமாக யாரோ ஒரு மாணவனோ கூலியாளோ நட்ட டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரம். ஒருநாள் வெட்டப்படும் என்று தெரிந்தே நட்டது.

தேதி ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள். மாநிலக் காட்டின் மரத்தை ஏலத்தில் எடுத்தவருக்கு அதை வெட்டி முடிக்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும். மர விலை ஏறும்வரை அவர் காத்திருக்கலாம். மழை அதிகமானால் லாரி ஓட்டம் நிறுத்தப்படும். கோடையில் தீ அபாயம் மிகுந்தால் ரம்பத்தையே தொடக் கூடாது. இவ்வளவும் சேரும்போது தேதி சொல்ல யாராலும் முடிவதில்லை.

வேலை நடக்காத சனி ஞாயிறுகளில் ஏன் திறக்கக் கூடாது என்று அடுத்த கேள்வி வரும். இந்தச் சரிவுகளில் டிராக்டர் இறங்காது. மேட்டில் யார்டர் என்னும் இரும்புக் கோபுரத்தை நிறுத்தி, கம்பிவடத்தால் கட்டைகளை மேலே இழுக்கிறார்கள். கோபுரம் சாயாமல் இருக்கப் பல திசைகளிலும் இழுத்துக் கட்டிய வடங்கள் தொலைவில் உள்ள அடிமரங்களில் சுற்றப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு தடத்தின் குறுக்கே வண்டிக் கண்ணாடியின் உயரத்தில் ஓடும். சாம்பல் நிற மூட்டத்தில் சாம்பல் நிறக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. இழுத்து முடிக்காத கட்டைகள் சரிவில் வேர்க்கட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே ஒரு ஜீப் அதிர்ந்து போனால் எது உருளும் என்று எனக்கே சொல்லத் தெரியாது. நாடாவுக்கு இப்பால் நின்றீர்களே, அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இன்னொன்று. அந்தப் பலகை இருந்த துண்டைத் தனியே ஒதுக்கியது தற்செயலாக இருக்காது. ஆணி ஏறிய கட்டை அறுப்பாலையின் ரம்பத்தைக் கெடுத்துவிடும் என்பதால், ஆணி தெரிந்தால் அந்த அளவுக்கு அறுத்து வீசிவிடுவது வழக்கம்.

மழைக்காடு (போர்ட்லண்ட், ஆரிகன்)

கூடலூரான் அண்ணா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழைய கூப்பு ரோடுதான் தடமாயிற்று என்பதோடு நிறுத்திவிட்டால், இன்று இழப்பது என்ன என்பது மறைந்துபோகும். தடப் பராமரிப்புத் தன்னார்வலராக எட்டு ஆண்டுகள் மண்வெட்டி பிடித்தவள் என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

மூடியிருக்கும் காலம் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரு பருவம் வேறு பக்கம் ஓட்டிக்கொள்ளலாம். திறந்த பிறகு நடப்பதுதான் என்னை வருத்துகிறது. கல்லும் வேரும் படிப்படியாக அமைந்து, ஒரு சக்கரம் தொங்க மறு சக்கரம் பிடித்து ஏற வேண்டிய தடம் ஒன்று இருந்தது. அது கட்டை ஏற்றும் மேடைக்கு நேர்வழியாக அமைந்துவிட்டதால், லாரிக்காக அதைச் சமன்செய்து ஜல்லி கொட்டி உருட்டிவிட்டார்கள். வேலை முடிந்ததும் நாடாவை அவிழ்த்தார்கள். வரைபடத்தில் அதே எண், அதே கோடு. போய்ப் பார்த்தால் என் அம்மாவின் கார்கூட ஏறிவிடும். கணக்கில் ஒரு மைல்கூடக் குறையவில்லை, ஓட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நீரும் காலமும் ஐம்பது ஆண்டுகளாகச் செதுக்கிய படிகளை யாரும் திரும்பக் கட்டித் தர முடியாது.

அடுத்தது தண்ணீர். இந்த மலைகளில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. மேலே இலைக்கூரை இருந்தவரை மழை சிதறி, தயங்கி, மெல்ல இறங்கியது. கூரை போனதும் முதல் குளிர்காலத்திலேயே சக்கரத் தடங்கள் வாய்க்காலாகிவிடுகின்றன. நாங்கள் குறுக்கு வரப்புகளைப் போட்டுத் தண்ணீரை ஓரமாகத் திருப்புவோம். ஓரத்தில் குவிந்திருக்கும் கிளைக்கழிவு அதை மறுபடி தடத்துக்கே திருப்பி அனுப்பும். இரண்டாம் ஆண்டு பிளாக்பெர்ரி முள்ளும் ஆல்டர் மரக்கன்றுகளும் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும். வெட்டாமல் விட்ட ஓரமரங்கள், காற்றுக்குப் பழகாதவை, புயல் வந்தால் வரிசையாகத் தடத்தின்மேல் சாயும்.

நம்மவர்கள் சிலரையும் குறை சொல்லத்தான் வேண்டும். மரம் இல்லாத வெளியைக் கண்டதும் இஷ்டம்போல் ஏறி இறங்குகிறார்கள். அங்கே ஒரு சாண் உயரத்தில் புது நாற்று இருக்கிறது. சட்டப்படி வெட்டிய இரண்டு ஆண்டுக்குள் நட்டாக வேண்டிய நாற்று. அதன்மேல் ஒரு சக்கரச் சுவடு விழுந்தால், அடுத்த முறை நாம் எந்தக் கோரிக்கையோடு போனாலும் மேசையில் முதலில் வைப்பது அந்தச் சுவட்டின் புகைப்படத்தைத்தான்.

பனிமுகடு (சில்லிவாக், பிரிட்டிஷ் கொலம்பியா)

எல்லைக்கு வடக்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கவலைக்கு நேர் எதிரான கவலை எங்களுக்கு. எங்கள் மாகாணத்தில் காட்டு வளங்களுக்காகப் போட்ட சாலைகள் 6 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கின்றன. ஏரிக்கரை, பனிமேடு, மீன்பிடி ஆறு எங்கே போவதானாலும் மர லாரி போட்ட மண் சாலைதான் வழி. லாரி ஓடும்வரை வழி இருக்கும். குறித்த கிலோமீட்டர்க் கற்களில் வானொலியில் நாங்கள் எங்கே இருக்கிறோம், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பாரம் ஏற்றிய லாரி இறங்குவதாகக் குரல் கேட்டால் ஓரக் குழிவில் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். அந்தப் பயம் எங்களுக்குப் பழகிவிட்டது.

ஆனால் வெட்டு முடிந்த மறு ஆண்டு வந்து பாருங்கள். பராமரிக்க ஆள் இல்லாததால் பாலத்தைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். தண்ணீர் அரிக்காமல் இருக்க நூறு அடிக்கு ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சில சாலைகள் பெயருக்கு மட்டும் இருக்கும். பராமரிப்பு இல்லை, உங்கள் பொறுப்பில் போங்கள் என்று வகைமாற்றி விட்டுவிடுவார்கள். நான் பதினைந்து ஆண்டுகளில் இழந்த வழிகளில் வெட்டு நடந்ததால் இழந்தவை குறைவு. வெட்டு நின்றதால் இழந்தவையே மிகுதி.

உங்கள் நாட்டு மத்திய அரசுக் காடுகளிலும் இதுதானே நடந்தது? 1994இல் வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்து வெட்டு வெகுவாகக் குறைந்த பிறகு, சாலைகளைப் பேணிவந்த பணமும் வற்றிப்போயிற்று. 2005இல் வந்த பயண மேலாண்மை விதிப்படி, வரைபடத்தில் குறித்த வழியில் மட்டுமே மோட்டார் வண்டி போகலாம் என்றாயிற்று. பராமரிக்க முடியாத சாலையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவது எந்த அதிகாரிக்கும் எளிது.

தடந்தேடி

பனிமுகடு அவர்கள் சொன்னது எனக்கு முற்றிலும் புதிய கோணம். அப்படியானால் டில்லமுக்கில் தடங்களைப் பேணும் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் வண்டியில் ஒட்டும் அனுமதி வில்லையிலிருந்தா, வெட்டிய மரத்திலிருந்தா?

கூடலூரான்

இரண்டிலிருந்தும். மரம் விற்ற தொகையில் 63.75 விழுக்காடு மாவட்டங்களுக்குப் போகிறது. பள்ளிகளும் தீயணைப்பும் நூலகமும் அதிலிருந்து நடக்கின்றன. மீதி 36.25 விழுக்காட்டில்தான் வனத்துறை காட்டை நடத்துகிறது; முகாம் கழிப்பறையிலிருந்து தடத்துக்குப் போடும் ஜல்லிவரை அதில் அடக்கம். நம் ஜீப்புகளுக்கு வாங்கும் இரண்டாம் வகை அனுமதியின் கட்டணம் மாநிலப் பூங்காத் துறையின் மானிய நிதிக்குச் சென்று, அங்கிருந்து தடப் பணிகளுக்குத் திரும்பி வருகிறது. இதில் கசப்பான முரண் ஒன்று இருக்கிறது. நம் தடத்தை மூடும் அதே ஏலம்தான் பக்கத்துத் தடத்தைத் திறந்து வைத்திருக்கிறது.

மாவட்டங்களுக்கு ஏன் இவ்வளவு பங்கு என்றால், இந்த நிலம் முன்பு அவர்களுடையது. தீக்குப் பிறகு வரி கட்ட முடியாமல் கம்பெனிகள் கைவிட்ட நிலம் மாவட்டங்களுக்கு வந்து, அவர்கள் மாநிலத்திடம் ஒப்படைத்தபோது வருவாயில் பங்கு பேசிக்கொண்டார்கள். சட்டத்தில் இருக்கும் சொல் மாநிலத்துக்கு மிகப் பெரிய நிலைத்த மதிப்பு என்பது. அதன் பொருள் மர வருமானம் மட்டுமா, அல்லது நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாம் சேர்ந்ததா என்பதற்குத்தான் பெரிய வழக்கே நடந்தது. 2019இல் நடுவர் குழு மாவட்டங்களுக்குச் சாதகமாக 100 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பொழுதுபோக்கும் அந்த மதிப்பின் ஒரு பகுதி என்ற 1998ஆம் ஆண்டு விதி தப்பியது. நம் தடங்களுக்குச் சட்டத்தில் இருக்கும் பிடிமானம் அந்த விதிதான் என்பது என் கருத்து. அந்த வழக்கை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

2024 மார்ச்சில் வனத்துறை வாரியம் 4க்கு 3 என்ற வாக்கில் வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தோடு முன்னேற முடிவு செய்ததும் இதே இழுபறியின் தொடர்ச்சிதான். புள்ளி ஆந்தைக்கும் மர்ரலெட் கடற்பறவைக்கும் கோஹோ சால்மன் மீனுக்கும் பெரும்பரப்பை ஒதுக்கினால் வெட்டு குறையும். வெட்டு குறைந்தால் அந்த 36.25 விழுக்காடும் சுருங்கும். எஞ்சிய பரப்பில் வெட்டு நெருங்கும். அங்கேதான் தடங்களும் இருக்கின்றன.

வெண்சங்கு (பீவர்ட்டன், ஆரிகன்)

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். வில்சன் ஆற்றில் குழந்தைகளோடு சால்மன் ஏறுவதைப் பார்க்கப் போகிறவள் நான். ஓடைக்குள் இறங்கி ஏறும் பழைய தடங்கள் சில மூடப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. சேற்று நீர் படிந்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகிறது. அந்தச் சேறு லாரிச் சக்கரத்தில் வந்ததா, ஜீப் சக்கரத்தில் வந்ததா என்று மீன் கேட்பதில்லை. வெட்டு நடக்கும் வேளையில் தடத்தை ஓடைக்கு மேலே தள்ளி மாற்றி அமைக்க முடியுமானால், அதை இழப்பாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காடு

வெண்சங்கு அவர்கள் சொன்னதை மனமார ஏற்கிறேன். அப்படி மாற்றி அமைத்த தடம் ஒன்றில் நானே வேலை செய்திருக்கிறேன். மேட்டுப்பாறையில் ஏறும் புது வழி, பழையதைவிட ஓட்டுவதற்கு நன்றாகவே அமைந்தது. ஆனால் அது தானாக நடக்கவில்லை. ஏலம் விடுவதற்கு முன்பே கேட்டதால் நடந்தது.

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நாடாவைப் பார்த்த பிறகு எழுதும் எந்தக் கடிதத்துக்கும் பயன் இல்லை. அப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். அடுத்த ஆண்டில் எந்தச் சரிவை வெட்டப் போகிறார்கள் என்ற ஆண்டுச் செயல்திட்டம் வரைபடத்தோடு முன்கூட்டியே வெளியாகிறது. 45 நாள் பொதுக் கருத்துக்காகத் திறந்திருக்கிறது. அந்த வரைபடத்தைத் தட வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால், எந்தத் தடம் எந்த வெட்டுத் துண்டில் எத்தனை அடி போகிறது என்று ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் தடத்தைக் காப்பாற்றுங்கள் என்று நூறு பேர் எழுதுவதைவிட, இந்த எண்ணுள்ள துண்டில் கட்டை ஏற்றும் மேடையை இருநூறு அடி கிழக்கே தள்ளினால் பாறைப்படி தப்பும் என்று ஒருவர் படத்தோடு எழுதுவது மேல். லாரிச் சாலையை ஜீப் தடம் குறுக்கே கடக்கும் இடம் எது என்று ஒப்பந்தத்திலேயே குறிக்கச் சொல்லலாம். வேலை முடிந்ததும் ஏலதாரரே தடத்தின்மேல் கிடக்கும் கழிவை அகற்ற வேண்டும் என்று சேர்க்கச் சொல்லலாம். சுற்றுவழியாக உள்ள தடத்தை ஒரே நேரத்தில் முழுதும் அடைக்காமல் பாதி பாதியாக மூடச் சொல்லலாம். இவற்றில் சிலவற்றை மறுப்பார்கள். சிலவற்றை, நாம் எதிர்பார்க்காத அளவுக்கு, உடனே ஒப்புக்கொள்வார்கள். ஏனென்றால் அந்தச் சரிவில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அதுவரை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வெட்டுக்கு முன் தடத்தின் ஒவ்வொரு கடினமான இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் இது இப்படி இருந்தது என்று காட்ட வேறு சான்று இருக்காது.

கூடலூரான்

மேடையைத் தள்ளுவது பற்றித் தங்கை சொன்னது மிகச் சரி. சாலை போகும் கோட்டினை நாங்கள் குச்சி நட்டுக் குறித்து முடிக்கும்வரை மாற்றுவது ஒரு பென்சில் வேலை. ஜல்லி கொட்டிய பிறகு மாற்றினால் ஆயிரக்கணக்கான டாலர் வேலை.

தடந்தேடி

ஐந்து வாரம் கழித்து மீண்டும் எழுதுகிறேன். மழைக்காடு அக்கா சொன்னபடி இரண்டு வரைபடங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். மகன்தான் கண்டுபிடித்தான்: திட்டத்தில் உள்ள இன்னொரு வெட்டுத் துண்டு, நாங்கள் அடிக்கடி ஓட்டும் வேறொரு தடத்தின் நடுவே, ஏறத்தாழ அரை மைல் தூரம் போகிறது. அந்த அரை மைலையும் நடந்தே போய் நாற்பத்தொரு படங்கள் எடுத்தோம். மரங்களில் ஏற்கெனவே இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கருத்துக் கடிதத்தைக் கடந்த செவ்வாயன்று அனுப்பிவிட்டோம். மேடை அமையக்கூடிய இடம் பற்றி ஒரு பத்தி, பாறைப்படி பற்றி ஒரு பத்தி, மேல்புறம் மாற்றி அமைத்தால் ஓடையைத் தாண்ட வேண்டியதில்லை என்று வெண்சங்கு அவர்களின் யோசனையையும் சேர்த்து ஒரு பத்தி.

மூடிய தடத்தின் முகப்பில் இருந்த பணியாளரிடம் அந்த அடித்துண்டைப் பற்றிக் கேட்டோம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கடப்பாரையால் ஆணியை நெம்பிப் பலகையை எடுத்துவந்து என் மகனிடம் கொடுத்தார். தடம் திறக்கும் நாளில் திரும்ப மாட்டுவதற்காக அதைத் துடைத்து வைத்திருக்கிறான். மழைக்காடு அக்கா, தன்னார்வலர் வேலைநாள் அறிவித்ததும் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். ஊன்றுவதற்குக் கம்பமும், குழி தோண்ட மண்வெட்டியும் நாங்களே கொண்டுவருகிறோம்.